கணுக்கால் முறிந்த பின்

நிழலின் அருமை வெயிலில் தெரியும் என்பார்கள். கணுக்காலின் அருமையோ அது மாவுக்கட்டுக்குள் போன பிறகுதான் தெரிகிறது. கண்ணைப் பற்றியும் இதயத்தைப் பற்றியும் மூளையைப் பற்றியும் கட்டுரை எழுத எத்தனையோ பேர் இருக்கிறார்கள். நாள் முழுதும் நம் எடையைச் சுமந்து திரியும் இந்தச் சிறு மூட்டைப் பற்றி எழுத யாருக்கும் தோன்றுவதில்லை. ஆனால் அது ஒரு நொடியில் பிசகினால், ஒரு வீட்டின் காலை வேளையே மாறிப்போகிறது. குளிப்பது எப்படி, பள்ளிக்குப் போவது எப்படி, தண்ணீர்க் குடத்தை யார் தூக்குவது என்று ஆயிரம் கேள்விகள் எழுகின்றன.

இந்தக் கல்வியாண்டின் ஆகஸ்டு மாதத்தில் எங்கள் வகுப்புத் தோழி ஒருத்தி, மழை பெய்துகொண்டிருந்த ஒரு மாலையில் பேருந்திலிருந்து இறங்கும்போது பாதம் மடங்கி விழுந்தாள். கணுக்காலில் இரண்டு இடங்களில் முறிவு. அறுவை சிகிச்சை நடந்தது. அதன்பின் வந்த மாதங்களில் அவளுடைய புத்தகப் பையையும் ஊன்றுகோல்களையும் சுமந்து நடந்த நாங்கள், அவளோடு சேர்ந்து கண்டும் கேட்டும் அறிந்தவற்றை இங்கே தொகுத்திருக்கிறோம். (பெயரைப் போடக் கூடாது என்பது அவள் விதித்த நிபந்தனை. சூப்பைப் பற்றிய பகுதியைக் கட்டாயம் போட வேண்டும் என்பது இன்னொரு நிபந்தனை.)

முதலில் கணுக்காலின் அமைப்பைப் பார்ப்போம். நம் கீழ்க்காலில் இரண்டு எலும்புகள் உள்ளன. பருமனானது டிபியா, மெல்லியது ஃபிபுலா. கணுக்காலின் இருபுறமும் விரலால் தடவினால் தட்டுப்படுகின்ற குமிழ்கள் இவற்றின் நுனிகளே. உட்புறக் குமிழ் டிபியாவினுடையது. சற்றுத் தாழ்ந்திருக்கும் வெளிப்புறக் குமிழ் ஃபிபுலாவினுடையது. இவ்விரண்டும் சேர்ந்து ஒரு கவட்டையைப் போல் அமைய, தாலஸ் என்னும் எலும்பு அதற்குள் கச்சிதமாக உட்கார்ந்து மேலும் கீழும் அசைகிறது. தச்சர் ஒரு மரத்தில் குடைந்த துளைக்குள் இன்னொரு மரத்தைச் செதுக்கிப் பொருத்துவாரே, அதுபோலத்தான். அந்தப் பொருத்தத்தில்தான் எல்லாம் இருக்கிறது. 1976-ஆம் ஆண்டில் ராம்சே, ஹாமில்டன் என்னும் இரு மருத்துவர்கள் செய்த ஆய்வில், தாலஸ் தன் இடத்திலிருந்து 1 மில்லிமீட்டர் வெளிப்புறம் நகர்ந்தாலே எலும்போடு எலும்பு தொட்டு எடையைத் தாங்கும் பரப்பு சராசரியாக 42 விழுக்காடு குறைந்துவிடுகிறது என்று கண்டார்கள். ஒரு மில்லிமீட்டர் என்பது நம் அளவுகோலில் உள்ள மிகச் சிறிய கோடு! அத்தனை எடையும் எஞ்சிய சிறு பரப்பின் மேல் விழும்போது குருத்தெலும்பு தேய்ந்து, சில ஆண்டுகளில் மூட்டுவாதம் வந்துவிடுகிறது.

கணுக்கால் முறிந்த எல்லோருக்கும் அறுவை சிகிச்சை தேவைப்படுவதில்லை. எலும்பு நகராமல் வெடிப்பு மட்டும் இருந்தால் மாவுக்கட்டே போதும். இந்தக் கட்டை 1852-ஆம் ஆண்டில் உலகுக்கு அறிவித்தவர் அன்டோனியஸ் மத்தெய்சென் என்னும் டச்சு ராணுவ மருத்துவர். பாரிஸ் சாந்தைத் துணியில் தடவி நனைத்துச் சுற்றும் அந்த முறை இன்றும் மாறவில்லை. ஆனால் எலும்பு இடம் விட்டு நகர்ந்து, மேலே சொன்ன கவட்டை அகன்றுவிட்டால், திறந்து சரிசெய்வதே நல்லது என்று மருத்துவர்கள் முடிவு செய்கிறார்கள்.

எங்கள் தோழியின் பாட்டி, "புத்தூருக்கு அழைத்துப் போவோம், மூன்று கட்டில் சரியாகிவிடும்" என்றாராம். ஆந்திர மாநிலத்துப் புத்தூர்க் கட்டுக்கு நம் ஊர்களிலும் நல்ல பெயர் உண்டு. தலைமுறை தலைமுறையாகப் பலர் அங்கே போய்க் குணமடைந்ததாகச் சொல்கிறார்கள். அவர்களை நாங்கள் பழிக்கவில்லை. ஆயினும் மூட்டுக்குள் சென்ற முறிவில் ஒரு மில்லிமீட்டரைக் கையால் தடவிக் கண்டுபிடிக்க முடியாது, எக்ஸ்-ரே படம்தான் காட்டும் என்று மருத்துவர் பாட்டிக்கே படத்தை விளக்கிற்கு எதிரே பிடித்துக் காட்டி விளக்கினார். பாட்டியும் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பார்த்துவிட்டு, "சரி, ஆகட்டும்" என்று சொல்லிவிட்டார்.

நம் வயதினருக்கு மட்டும் உரிய ஒரு செய்தியும் இதில் இருக்கிறது. வளரும் பிள்ளைகளின் எலும்பு நுனியில் வளர்ச்சித் தட்டு என்னும் குருத்தெலும்புப் பகுதி உண்டு. டிபியாவின் கீழ்நுனியில் உள்ள தட்டு பெண்களுக்குச் சுமார் 14 வயதிலும், ஆண்களுக்குச் சுமார் 16 வயதிலும் எலும்பாகி மூடிக்கொள்கிறது. அதுவும் ஒரே நாளில் மூடுவதில்லை. நடுவில் தொடங்கி உட்புறம் சென்று, வெளிப்புறம் கடைசியாக மூடுகிறது. மூடிக்கொண்டிருக்கும் வேளையில் கால் பிசகினால், மூடாத வெளிப்புறத் துண்டு மட்டும் பெயர்ந்துவிடலாம். ஆகவே எட்டாம் ஒன்பதாம் வகுப்புத் தங்கைகள் கால் பிசகி வீங்கி, நான்கு அடி கூட ஊன்றி நடக்க முடியாமற் போனால், "சுளுக்குத்தான்" என்று சொல்லி எண்ணெய் போட்டு உருவாமல் எக்ஸ்-ரே எடுத்துப் பார்ப்பதே அறிவுடைமை.

மருத்துவமனையில் சேர்ந்த மறுநாளே அறுவை நடக்கும் என்று எதிர்பார்த்தோம். எட்டு நாள் கழித்துத்தான் நடந்தது. அவளுடைய அப்பா மிகவும் பதறினார். காரணம் பிறகுதான் புரிந்தது. முறிந்த கணுக்கால் பலூனைப் போல வீங்கி, தோல் பளபளவென்று இழுபட்டு நிற்கும். அந்த நிலையில் அறுத்தால் புண் மூடாது, சீழ் பிடிக்கக்கூடும். வீக்கம் வடிந்து தோலில் மெல்லிய சுருக்கங்கள் தெரியும்வரை, காலை உயர்த்தி வைத்துக்கொண்டு காத்திருக்கிறார்கள். சிலருக்கு இது இரண்டு வாரம்கூட ஆகும்.

அறுவையின்போது பெரும்பாலும் முதுகுத்தண்டில் ஊசி போட்டு இடுப்புக்குக் கீழே மரத்துப்போகச் செய்கிறார்கள். எலும்புத் துண்டுகளைச் சரியான இடத்தில் சேர்த்து, வெளிப்புறத்தில் ஒரு மெல்லிய உலோகப் பிளேட்டையும் திருகாணிகளையும், உட்புறத்தில் நீண்ட திருகாணிகளையும் பொருத்துகிறார்கள். துருப்பிடிக்காத எஃகினாலோ டைட்டானியத்தாலோ ஆனவை அவை. எலும்புகளை இவ்வாறு அசையாமல் இறுக்கிப் பொருத்தும் கலையை ஒழுங்குபடுத்தியவர்களுள் 1958-இல் சுவிட்சர்லாந்தில் ஒன்றுகூடிய அறுவை மருத்துவர் குழு முதன்மையானது. இங்கே எல்லோரும் ஒன்றைத் தவறாக எண்ணுகிறார்கள். "பிளேட்டு வைத்துவிட்டார்களே, இனி என்ன?" என்று கேட்கிறார்கள். பிளேட்டு எலும்பை ஒட்டவைப்பதில்லை. அசையாமல் பிடித்துக்கொண்டிருக்கிறது, அவ்வளவுதான். ஒட்டுகிற வேலையை எலும்பு தானே, தன் சொந்த வேகத்தில்தான் செய்கிறது. எலும்பு ஒட்டுமுன் எடையை ஏற்றினால், எவ்வளவு நல்ல உலோகமும் களைத்துப்போய் வளைந்துவிடும், அல்லது திருகாணி தளர்ந்துவிடும்.

இந்த வசதிகள் இல்லாத காலத்தில் காலை முறித்துக்கொண்டவர்களை நினைத்தால் உடல் சிலிர்க்கிறது. நம் பள்ளியில் ஜூலை 31-ஆம் நாள் நாம் நினைவுகூரும் புனித இஞ்ஞாசியார், 1521-ஆம் ஆண்டு மே மாதத்தில் பம்பலோனா கோட்டையில் பீரங்கிக் குண்டு பட்டு வலக்கால் முறிந்தவர். தவறாகச் சேர்ந்த எலும்பை மீண்டும் உடைத்துச் சரிசெய்தார்கள். பின்னர் துருத்திக்கொண்டிருந்த எலும்பை அறுக்கவும் செய்தார்கள். மயக்க மருந்து எதுவும் கிடையாது. ஈதர் மயக்கம் பாஸ்டன் நகரில் ஊரறியக் காட்டப்பட்டது 1846-இல்தான். ராண்ட்ஜன் எக்ஸ் கதிரைக் கண்டது 1895-இல். படுக்கையில் கிடந்தபோது வீரக் கதைகள் கேட்டார், கிடைக்கவில்லை. வீட்டில் இருந்த கிறிஸ்துவின் வரலாற்றையும் புனிதர் வரலாறுகளையும் படித்தார் என்பது நமக்குத் தெரிந்ததே. நமக்கு அதிகம் தெரியாத இன்னொருவர் லண்டன் மருத்துவர் பெர்சிவல் பாட். 1756-இல் குதிரையிலிருந்து விழுந்து கால் எலும்பு தோலைக் கிழித்து வெளியே வந்தது. ஆட்கள் அவரைத் தூக்கப் போனபோது வேண்டாமென்று மறுத்து, அங்கேயே ஒரு கதவை விலைக்கு வாங்கி, அதில் கழிகளை அறையச் செய்து, அதன் மேல் படுத்தபடி வீட்டுக்குச் சுமந்து செல்லச் சொன்னாராம். காலைத் துண்டித்துவிட எல்லாம் ஆயத்தமான நேரத்தில் அவருடைய பழைய ஆசான் வந்து தடுக்க, கால் பிழைத்தது. பின்னாளில் கணுக்கால் முறிவைப் பற்றி அவர் எழுதியதால், அதற்குப் 'பாட் முறிவு' என்றே பெயர் வழங்கலாயிற்று. அடிபட்டவரை அசைக்காமல் தூக்க வேண்டும் என்பதை அந்தக் கதவுக் கதையை விட யாரும் தெளிவாகச் சொல்லிவிட முடியாது.

இனி வீட்டுக்கு வந்த பின் நடப்பது. முதல் இரண்டு வாரங்கள் காலை இதயத்தின் மட்டத்திற்கு மேலே வைத்திருப்பதுதான் பெரிய மருந்து. நாற்காலியின் மேல் கால் வைத்தால் போதாது. படுத்துக்கொண்டு, காலின் கீழ் இரண்டு மூன்று தலையணைகளை அடுக்க வேண்டும். காலைத் தொங்கவிட்டால் பாதம் கத்தரிக்காய் நிறமாக மாறும். அதைக் கண்டு அவளுடைய அம்மா அழுதேவிட்டார்கள். மேலே தூக்கியதும் நிறம் திரும்பிவிடுவதால் பெரும்பாலும் அஞ்ச வேண்டியதில்லை. விரல்களை மட்டும் மணிக்கொரு தரம் அசைக்க வேண்டும். பத்து முதல் பதினான்கு நாளில் தையல் பிரிப்பார்கள்.

அஞ்ச வேண்டியவை வேறு உள்ளன. பெற்றோர் இவற்றை நினைவில் வைத்துக்கொள்வது நல்லது. மாத்திரைக்கும் அடங்காமல் ஏறிக்கொண்டே போகும் வலி, விரல்கள் மரத்துப்போதல் அல்லது சில்லிட்டு வெளுத்தல், காய்ச்சலும் கட்டில் ஈரமும் நாற்றமும், ஆடுசதையில் புதிதாக வலியும் வீக்கமும் ஆகியவை கண்டால் அன்றே மருத்துவரிடம் போக வேண்டும். திடீரென்று மூச்சுத் திணறலோ நெஞ்சுவலியோ வந்தால் ஒரு நிமிடமும் தாமதிக்கக் கூடாது. அசையாத காலில் உறைந்த ரத்தக்கட்டி நுரையீரலுக்குச் சென்றிருக்கலாம். இதைத் தடுக்கச் சிலருக்கு ஊசியோ மாத்திரையோ தருவதும் உண்டு.

சுமார் ஆறு வாரங்கள் காலை ஊன்றவே கூடாது என்று அவளுக்கு உத்தரவு. (சில முறிவுகளுக்கு இன்னும் சீக்கிரமாகவும் ஊன்றச் சொல்வார்கள், அது அறுத்துப் பார்த்த மருத்துவருக்குத்தான் தெரியும்.) ஊன்றுகோலைப் பார்த்தால் எளிதாகத் தெரியும்; பழகினால்தான் அதன் தொல்லை புரியும். அதன் மேற்பகுதி அக்குளுக்கு இரண்டு மூன்று விரற்கடை கீழே இருக்க வேண்டும். எடையைக் கைகளில்தான் தாங்க வேண்டும். அக்குளில் தொங்கினால் அங்கே ஓடும் நரம்பு அழுந்தி மணிக்கட்டு தொய்ந்துவிடும். படி ஏறும்போது நல்ல காலை முதலில் வைக்க வேண்டும். இறங்கும்போது ஊன்றுகோலும் நொந்த காலும் முதலில். இதை மறக்காதிருக்க "நல்லது ஏறும், நொந்தது இறங்கும்" என்று ஒரு வாய்பாடு செய்தோம். அவள் ஒவ்வொரு படியிலும் நிற்க, நாங்கள் பின்னால் நின்று ஓதுவோம். இரண்டாம் மாடியிலிருந்த எங்கள் வகுப்பைத் தலைமை அன்னை தரைத்தளத்துக்கு மாற்றியதும் வாய்பாட்டுக்கு வேலை குறைந்தது.

ஒரு செய்தியைச் சொல்லச் சற்றுத் தயக்கமாக இருக்கிறது. ஆனால் பெண்கள் பள்ளி மலரில் சொல்லாவிட்டால் வேறெங்கே சொல்வது? அவள் பள்ளிக்குத் திரும்பிய முதல் வாரத்தில் காலையிலிருந்து மாலை வரை ஒரு வாய் தண்ணீர் குடிப்பதில்லை. தரையோடு அமைந்த கழிப்பறையில் ஒற்றைக் காலில் உட்கார்ந்து எழ முடியாது. துணைக்கு யாரையாவது அழைக்க வெட்கம். தலைவலி வந்து மயங்கும் நிலைக்குப் போன பிறகே எங்களிடம் சொன்னாள். தண்ணீர் குடிக்காமலிருந்தால் சிறுநீரில் கிருமி சேரும்; படுத்தே கிடக்கும் காலில் ரத்தம் உறையும் ஆபத்தும் கூடும். சிஸ்டரிடம் சொன்னோம். ஆசிரியைகள் பக்கத்து மேல்நாட்டுக் கழிப்பறையின் சாவி அன்றே எங்கள் வகுப்புக்கு வந்தது. வீட்டில் அவளுடைய அப்பா, நடுவில் வட்டமாக வெட்டிய பிளாஸ்டிக் நாற்காலி ஒன்றை வாங்கிக் கழிப்பறையில் வைத்துவிட்டார். காலொடிந்தவர் உள்ள வீட்டில் ஆப்பிள் பழத்தை விட முதலில் வாங்க வேண்டியது அந்த நாற்காலிதான் என்பது எங்கள் கருத்து.

உணவைப் பற்றி உறவினர் எல்லோரும் ஆலோசனை சொல்வார்கள். ஆட்டுக்கால் சூப் வாரத்தில் ஏழு நாளும் வந்தது. சூப்பில் கொஞ்சம் ஊட்டம் உண்டு என்றாலும், எலும்பிலுள்ள கால்சியம் தண்ணீரில் மிகச் சிறிதளவே இறங்குகிறது. அதைவிடப் பாலும் தயிரும் கேழ்வரகும் மேல். 100 கிராம் கேழ்வரகில் 300 மில்லிகிராமுக்கும் மேற்பட்ட கால்சியம் இருக்கிறது. முட்டை, பருப்பு, மீன் ஆகியவற்றின் புரதமும், வெயிலால் தோலில் உண்டாகும் வைட்டமின் டி-யும் வேண்டும். பிரண்டைத் துவையல் சாப்பிடலாம், சுவையாகவே இருக்கும். ஆனால் துவையலை நம்பி மருத்துவர் குறித்த நாளுக்கு முன்பு காலை ஊன்றிவிடக் கூடாது. அப்பாமார்களுக்கு ஒரு வார்த்தை: புகைபிடிப்பவர்களுக்கு எலும்பு ஒட்டுவதும் புண் ஆறுவதும் தாமதமாகின்றன.

ஆறு வாரம் முடிந்து, எக்ஸ்-ரே பார்த்து, "இனி ஊன்றலாம்" என்று மருத்துவர் சொன்னபோது நாங்கள் எல்லோரும் கைதட்டினோம். அவளோ அழுதாள். ஊன்றக் கூடாது என்று நாற்பது நாளாக மனத்துக்குக் கற்பித்த பாடத்தை ஒரு வார்த்தையில் அழிக்க முடியவில்லை. கால் தரையைத் தொடும், உடனே தூக்கிக்கொள்ளும். பயிற்சி கொடுத்த பிசியோதெரபி அக்கா அதட்டவில்லை. எடை பார்க்கும் இயந்திரத்தைக் கொண்டுவந்து, அடிபட்ட காலை அதன் மேல் வைத்து, முள் 10 கிலோவுக்கு வரும்வரை மட்டும் அழுத்தச் சொன்னார்கள். மறுநாளும் பத்து. சில நாள் கழித்துப் பதினைந்து, பின்பு இருபது. பயத்தை எண்ணாக மாற்றிவிட்டால் அதோடு கணக்குப் போட முடிகிறது. அவசரக்காரர்களுக்கும் இதே இயந்திரம்தான் கடிவாளம். நன்றாக இருக்கிறதே என்று ஒரே நாளில் நாற்பது கிலோவுக்குப் போக விடுவதில்லை.

கட்டைப் பிரித்ததும் தெரிந்த கால் வேறொருவருடையது போலிருந்தது. தோல் செதிள் செதிளாக உரிந்தது. ஆடுசதை மெலிந்து பள்ளிக் காலுறை நழுவி நழுவி விழுந்தது. அசையாத தசை அத்தனை விரைவில் இளைத்துவிடுகிறது. மூட்டும் இறுகிப்போகிறது. சமதரையில் நடக்கப் பாதம் மேல்நோக்கிச் சுமார் 10 பாகை மடங்கினாலே போதும். படி இறங்க அதைவிட அதிகம் வேண்டும். தரையில் குந்தி உட்கார இன்னும் எத்தனையோ பங்கு வேண்டும். நாற்காலியிலேயே வாழும் நாட்டாருக்கு நடந்தால் குணமாயிற்று. நமக்கோ கோலம் போடவும், சம்மணமிட்டுச் சாப்பிடவும், சிற்றாலயத்தில் முழந்தாளிடவும் முடிந்தால்தான் குணமாயிற்று என்று பொருள்! எனவே நம் வீட்டுப் பிள்ளைகளுக்குப் பயிற்சி கூடுதலாகவே தேவைப்படுகிறது.

பயிற்சிகள் பார்வைக்கு விளையாட்டுப் போலவே இருக்கும். காலை நீட்டி உட்கார்ந்து, ஒரு துண்டைப் பாதத்தில் மாட்டி இரு கைகளாலும் தன்பக்கம் இழுக்க வேண்டும். பெருவிரலால் காற்றில் ஆங்கில எழுத்துகளை எழுத வேண்டும். எங்கள் தோழி இருபத்தாறு எழுத்துடன் நிற்காமல் தமிழ் உயிரெழுத்துகளையும் எழுதலானாள். 'அ' எழுதினால் கணுக்கால் எல்லாப் பக்கமும் சுழல்கிறது. 'ஈ' சற்று ஓய்வு. 'ஔ' வரும்போது முகம் சுளிப்பாள். தமிழ் ஆசிரியை அதைக் கேட்டு, "உயிர்மெய்யும் எழுது, காலாண்டுத் தேர்வுக்கும் உதவும்" என்றார்கள். கடைசியில் வருவது ஒற்றைக்காலில் நிற்கும் பயிற்சி. தசைநார் கிழிந்தபோது, பாதம் எந்த நிலையில் இருக்கிறது என்று மூளைக்குச் சொல்லும் உணர்வும் குறைந்துபோகிறது. அதை மீட்காவிட்டால் கால் மறுபடி பிசகும். பல் துலக்கும் நேரம் முழுவதும் சுவரைப் பிடித்தபடி நிற்கச் சொன்னார்கள். நல்ல கால் உள்ள நாங்களும் முயன்று பார்த்தோம். கண்ணை மூடிக்கொண்டு அரை நிமிடம் நிற்க முடிந்தவர் வகுப்பில் சிலரே.

எத்தனை நாளாகும் என்பதுதான் எல்லோரும் கேட்கும் கேள்வி. எலும்பு ஒட்டச் சுமார் ஆறு முதல் பன்னிரண்டு வாரம். ஊன்றுகோலை விடுவது பெரும்பாலும் இரண்டு மூன்று மாதத்தில். ஓடுவதும் வலைப்பந்து ஆடுவதும் அதற்கும் பல வாரம் கழித்து, மருத்துவர் சம்மதித்தால். மாலையில் வரும் வீக்கம் ஆறு மாதமும், சிலருக்கு ஓராண்டும் நீடிக்கும். அதுவரை அந்தக் காலுக்குச் சற்றுப் பெரிய காலணி தேவைப்படலாம். முன்னேற்றம் ஏணிப்படி போல் ஒரே சீராக வருவதில்லை. ஒரு நாள் நன்றாக நடந்தால் மறுநாள் வீங்கும். அந்த மறுநாளில்தான் தோழிகள் பக்கத்தில் இருக்க வேண்டும். முதல் வாரத்தில் பழக்கூடையோடு வந்தவர்கள் மூன்றாம் மாதத்தில் வருவதில்லை, "இன்னுமா நொண்டுகிறாய்?" என்று கேட்பவர்கள்தான் வருகிறார்கள்.

உள்ளே இருக்கும் உலோகத்தை எடுக்க வேண்டுமா என்று பலர் கேட்கிறார்கள். தொந்தரவு தராவிட்டால் பெரும்பாலும் வாழ்நாள் முழுதும் அப்படியே விட்டுவிடலாம். மெலிந்த காலில் பிளேட்டு தோலுக்கடியில் உறுத்தினாலோ காலணி பட்டு வலித்தாலோ, எலும்பு நன்றாக ஒட்டிய பின், ஓராண்டை ஒட்டி எடுப்பதுண்டு. வளர்ச்சித் தட்டு இன்னும் மூடாத சிறு பிள்ளைகளுக்கு மட்டும் முன்னதாகவே எடுத்துவிட வேண்டிவரலாம். எங்கள் தோழிக்கு வரும் ஆகஸ்டில் பார்த்து முடிவு செய்வார்கள். அரையாண்டுத் தேர்வுக்கு ஊன்றுகோலின்றி வந்தாள். பொதுத்தேர்வுக்குத் தன் பையைத் தானே தூக்கிக்கொண்டு போகப்போவதாக இப்போதே சொல்லிவிட்டாள். படி இறங்கும்போது மட்டும் இன்னும் கைப்பிடியைப் பிடித்துக்கொள்கிறாள்.